சதுப்பில் விரித்த முள்பாய்

அந்நியச் செடி அகற்றும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

உங்களில் பாதிப் பேருக்குப் பட்டம் இருக்கிறது. மீதிப் பேர் உயர்தரம் பாஸ். எனக்கு இருப்பது பள்ளிக்கூடத்து மூன்றாம் ஆண்டு. அதிலும் கடைசித் தவணைக்கு நான் போகவில்லை. ஆனால் ஒரு குளக்கட்டில் நின்று காற்றை முகத்தில் வாங்கினேன் என்றால், அந்தக் குளத்து ஆகாயத்தாமரை நாளைக் காலையில் எந்த மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் என்று சொல்லிவிடுவேன். இதை நம்பாமல் ஒரு பொறியியலாளர் என்னோடு பந்தயம் பிடித்தார். மறுநாள் காலையில் கட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, எனக்கு ஒரு பிளேன்டி வாங்கித் தந்துவிட்டுப் போனார்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரே ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்தவன் நான். அகதி முகாமில் இருந்தபடி நாள்கூலிக்குப் போன முதல் இடம் மதுரங்குளிப் பக்கத்துக் குளம் ஒன்று. வேலை, ஆகாயத்தாமரை பிடுங்குவது. எங்கள் பக்கத்தில் சிங்களத்தில் ‘ஜபர’ என்றுதான் சொல்வோம். அன்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவன், பிறகு இருபத்திரண்டு பேருக்குத் தலைவனாகத்தான் கரையேறினேன். கல்பிட்டிக்கும் சிலாபத்துக்கும் இடையில் நான் கால் வைக்காத சேறு இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஓம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அப்படிப்பட்ட நான் செய்த ஒரு பிழையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சின்னப் பிழை செய்ய எவராலும் முடியும். இதைச் செய்வதற்கு இருபத்தைந்து வருட அனுபவம் வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் எங்கள் வேலையை மேற்பார்த்த ஒரு ஓவசியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முதல் கிழமையில் நடந்தது. நாங்கள் நாள் முழுக்க ஜபர பிடுங்கிக் குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் எறிந்தோம். குளத்தை விட்டுப் போனால் சரி என்பது எங்கள் நினைப்பு. மறுநாள் பெருமழை. மழை விட்டதும் ஓவசியர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் சிங்களவர், தமிழில் இருபது சொல் தெரிந்தால் அதிகம். என்னை நடத்திக்கொண்டு கீழ்க்குளத்துக்குப் போய்க் கரையில் நிறுத்தினார். தண்ணீர் முழுக்க நாங்கள் எறிந்த ஜபர, பச்சைப் பசேல் என்று மிதந்தது.

“பாருங்க. இது உங்க ஜபர,” என்றார்.

அதட்டவில்லை. அடுத்த ஒரு கிழமை கீழ்க்குளத்தில் எங்களோடு அவரும் இறங்கினார். கடைசி நாளில் மட்டும் ஒன்று சொன்னார்: “பிடுங்கிறது பாதி வேலை. எங்க போடுறது மத்தப் பாதி.”

என் குழுவுக்கு வந்த ஒவ்வொருவனுக்கும் இதை நான் சொல்லியிருக்கிறேன். தஸ்பீஹ் மணி உருட்டுவது மாதிரி, நாளுக்கு எத்தனை தரம் என்று கணக்கே இல்லை. அதைத்தான் நானே மறந்தேன்.

எத்தாளைக்கு அருகில் கடல்நீர் தேங்கும் களப்பு ஓரமாக ஒரு சேற்றுவெளி இருக்கிறது. வெளிநாட்டு உடைமரம் அங்கே காடாக ஏறியிருந்தது. நீளக் காய் காய்க்கும், ஆடு அதை ஆசையாகத் தின்னும், போகிற இடமெல்லாம் புழுக்கையோடு விதைக்கும். அந்த மரத்தை வெட்டப் போனால் தொடை வரை சேறு. சேற்றில் நடக்க எங்கள் பக்கத்தில் தென்னோலை விரிப்பார்கள், அது எல்லோருக்கும் தெரிந்த முறை. நாங்களும் உழவு இயந்திரப் பெட்டியில் ஓலை ஏற்றி வந்து விரித்தோம். மூன்றாம் நாள் இயந்திரம் நின்றுவிட்டது. குழு முழுக்கக் கரையில் குந்தியிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெட்டிய முள் மலைபோல் குவிந்து கிடக்கும்போது ஓலைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? கிளைகளைக் குறுக்கே ஒரு வரிசை, நெடுக்கே ஒரு வரிசை போட்டு, மேலே சாக்கு விரித்தேன். முள்ளும் முள்ளும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொண்டு, ஓலையைவிட இரண்டு மடங்கு பாரம் தாங்கியது. எத்தாளைக்காரன் அந்தோனி, என் வலக்கை மாதிரியானவன், மரம் அறுக்கும் வாளைத் தோளில் வைத்துக்கொண்டு திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் போவதுபோல் அதன் மேல் நடந்து காட்டினான்.

“நானாட முள்பாய்!” என்று அவன்தான் பெயர் வைத்தான். குழுவில் எல்லோருக்கும் நான் ‘நானா’, மூத்த அண்ணன்.

அந்தப் பெயர் பரவியது. மற்றக் குழுக்காரர்கள் வந்து பார்த்துப் பழகிப் போனார்கள். ஒரு பயிற்சியில் என்னைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் கீறி விளக்கச் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு நான் சோக்கட்டி பிடித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் புகழோடுதான் மலைக்கு அழைப்பு வந்தது. மேல்மலையில் ஒரு சதுப்பு. மஞ்சள் பூப் பூக்கும் முள்ளுப் பற்றை ஒன்று அதன் விளிம்பு வரை வந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர் நினைவுக்குக் கொண்டுவந்து வைத்த செடியாம். அங்குள்ள குழுக்கள் சரிவில் கெட்டிக்காரர்கள், ஆனால் சேற்றில் இறங்கமாட்டார்கள். சேறு தெரிந்தவர்கள் வேண்டும் என்று கடற்கரைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். பதினான்கு பேரோடு போனேன்.

லொறியை விட்டு இறங்கியதும் அந்தோனி இரண்டு சாரத்தை ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டான். “நானா, இந்த ஊருல மீன ஐஸ் போடாமலே வெச்சு விக்கலாம்,” என்றான்.

அந்தச் சதுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு மிஸ். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, அந்தப் பதவிக் கதிரைக்கு வந்தவர். என் மகளைவிட வயது குறைவு. முதல் நாள் எங்களை விளிம்பில் நிறுத்திக் காட்டினார். சதுப்பு என்றால் எங்கள் களப்புச் சேறு மாதிரி இல்லை. பாசியும் புல்லும் ஊறிய மெத்தை, காலை வைத்தால் நிலமே மூச்சு விடுவதுபோல் எழும்பித் தாழும்.

“மழையையும் பனியையும் இதுதான் ஐயா குடிச்சு வச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா கீழ விடுது. உங்க ஊரு வெங்காயத்துக்குக் கூட இதுல ஒரு சொட்டு வரும்,” என்றார் மிஸ்.

எங்கள் வெங்காயம் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளிம்பில் நின்ற பற்றையை அழிப்பது பெரிய விஷயம் இல்லை. விஷயம் சதுப்பின் நடுவில் இருந்த ஒரு மேடு. அதில் ஒரே ஒரு பற்றை தனியாக நின்றது, காய் நிறைய. வெயில் ஏறினால் காய் ‘டிக், டிக்’ என்று வெடித்து விதை தெறிக்கும். அந்த மேட்டை விட்டால் சதுப்புக்குள்ளிருந்தே செடி பரவும். கரைக்கும் மேட்டுக்கும் இடையில் நாற்பத்திரண்டு காலடி சேறு. தென்னோலை அங்கே எங்கே கிடைக்கும்? வெட்டிய முள்தான் காலடியில் குவிந்து கிடந்தது. நான் இரண்டாம் தரம் யோசிக்கவில்லை. முள்பாய் போட்டேன்.

மறுநாள் மிஸ் வந்து சாக்கின் மேல் நடந்து பார்த்தார். ஒரு இடத்திலும் கால் புதையவில்லை.

“ஐயா, கல்யாண வீட்டுக் கம்பளம் மாதிரி இருக்கே! கீழ என்னா போட்டீங்க?”

“அது எங்கட ஊர்த் தொழில் ரகசியம், மிஸ்,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஒரு நொடி குனிந்து சாக்கைத் தூக்கியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். தூக்க வேண்டிய தேவையே இல்லை என்று அவரை நினைக்க வைத்தது என் வாய்.

ஒன்பது நாளில் முடித்தோம். வெட்டிய முள் எல்லாவற்றையும் சுமந்துபோய்க் கட்டாந்தரையில் வைத்துக் காவல் நின்று எரித்தோம். சாக்குகளையும் உருவி எடுத்தோம். அடியில் போட்ட கிளைகள் சதுப்புக்குள் அமிழ்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தன. உக்கி மண்ணாகிப் போகும் என்று விட்டேன். மிஸ் ஒரு கடிதம் தந்தார்: இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை, அடுத்த வருடம் இன்னும் இரண்டு சதுப்புகளுக்கு இதே குழுவைத்தான் அழைக்க வேண்டும் என்று. அதைச் சட்டம் போட்டு வீட்டு வாசலுக்கு நேரே மாட்டினேன். வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள்.

ஐந்து மாதம் கழித்து, எங்கள் பக்கத்தில் மாரி மழை விட்டிருந்த ஒரு காலை, எத்தாளையில் களப்போரம் நின்றிருந்தேன். நண்டுக்குப் போய்த் திரும்பிய பிலோமினா அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்ன நானா, களப்புக்குள்ள வேலி அடைச்சிருக்கிறீங்க? ஆருக்குக் காணி பிரிக்கிறீங்க?”

“என்ன வேலி அக்கா?”

“தெரியாத மாதிரிக் கேக்கிறார். காலெல்லாம் முள்ளுக் குத்திக் கிடக்கு. வந்து பாருங்கவன்.”

போய்ப் பார்த்தேன். நாங்கள் வெட்டித் துப்புரவாக்கிய சேற்றுவெளியின் நடுவே, கரையிலிருந்து உள்ளே, கயிறு கட்டி நட்டதுபோல் ஒரே வரிசையில் முளைத்திருந்தன உடைமரக் கன்றுகள். சாண் உயரம். ஒரு இடத்தில் சின்ன ஓடை ஒன்று இருந்தது. முள்பாய் போடும்போது அதைச் சுற்றி நான் வளைத்திருந்தேன். கன்றுகளும் அதே இடத்தில் வளைந்து, அதே அளவு சுற்றி, மறுபடி நேராகப் போயின.

ஒரு கன்றைப் பிடுங்கினேன். செடி ஒரு சாண், வேர் இரண்டு சாண்.

“ஆரு நட்டது?” என்றார் பிலோமினா அக்கா.

“நான்தான்,” என்றேன்.

காய் கிடந்த கிளைகளைச் சேற்றில் போட்டு, மேலே சாக்கு மூடி, இருபது பேர் ஒரு மாதம் மிதித்து அழுத்தியிருக்கிறோம். ஒரு விதைக்கு அதைவிட நல்ல நாற்றுமேடை வேறு உண்டா? அந்த இடத்தில் நிற்கும்போதே என் மனம் மலைக்குப் போய்விட்டது. அங்கேயும் காய். அங்கேயும் சாக்கு. அங்கேயும் நாங்கள். விளிம்பில் நின்ற செடியைச் சதுப்பின் வயிற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்.

அந்தோனியிடம் சொன்னேன். அவன் தின்றுகொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தான்.

“அந்தக் குளிருக்குள்ள முளைக்காது நானா.”

“அது குளிருக்குப் பிறந்த செடிடா.”

“சரி, முளைச்சாலும் நாங்கதான் எண்டு ஆருக்குத் தெரியும்? அடுத்த வருசம் ரெண்டு சதுப்பு வேலை இருக்கு. பதினாலு வீடு நானா. வாயத் திறந்தா எல்லாம் போச்சு.”

அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அதனால் சொல்கிறேன்: மூன்று நாள். அந்த மூன்று நாளும் களப்பில் அந்த வரிசையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்காவும் ஒரு பக்கத்திலிருந்து பிடுங்கினார். பிடுங்கிய ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு ஏச்சு. நாங்கள் ஏழு பேர் பிடுங்கியும் மூன்று நாள் ஆனது. மலையில் அதைச் செய்ய ஆள் இல்லை. அங்கே அப்படி ஒரு வரிசை இருக்கிறது என்றே எவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான், நானோ சும்மா இருக்கிறேன்.

மூன்றாம் நாள் பின்னேரம், கையில் சேறு காயும் முன்னே, போனை எடுத்தேன்.

“மிஸ், அந்தத் தொழில் ரகசியத்தைச் சொல்லத்தான் எடுத்தனான்.”

கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “ஐயா... காயோடயா போட்டீங்க?”

“காயோடதான், மிஸ்.”

நான்கு நாளில் எட்டுப் பேரோடு அங்கே நின்றேன். நான் கைகாட்டிய இடத்தில் மிஸ் குந்தினார். பாசியை விரலால் விலக்கினார். ஊசிமுனை அளவில் பச்சை, ஒன்றுக்கு அடுத்து ஒன்று, மேட்டை நோக்கி நேராக. அவருடைய மேலதிகாரியும் வந்திருந்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தோண்டி எடுங்க. சேத்தோட அள்ளி வெளிய கொண்டு போங்க. இன்னைக்கே முடிங்க.”

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஒரே நாளில் தோண்டி எறிந்துவிட்டால் அவமானமும் அன்றோடு போகும். அந்தோனிக்குத் தலையசைத்தேன். அவன் மண்வெட்டியை இறக்கினான்.

வெட்டிய இடத்தில் கறுப்புத் தண்ணீர் குபுக் என்று பொங்கியது. பொங்கி, பக்கத்தில் இருந்த சின்ன வாய்க்காலில் இறங்கி, கீழ்ப்பக்கமாக ஓடத் தொடங்கியது. தண்ணீரின் மேல் கோதும் விதையும் மிதந்து போயின. அந்த நொடி யாரோ என் மணிக்கட்டைப் பிடித்ததுபோல் இருந்தது.

“நிப்பாட்டுடா!” என்று கத்தினேன்.

அன்று குளிருக்கு நானும் இரண்டு சாரம் கட்டியிருந்தேன். மேல் சாரத்தை உருவி, வாய்க்காலில் பாய்ந்து, களப்பில் இறால் குஞ்சு வடிக்கிற மாதிரி அதை வாய்க்காலுக்குக் குறுக்கே விரித்துப் பிடித்தேன். தண்ணீர் ஊடே போனது, விதை துணியில் நின்றது. அந்தோனி வெட்டிய சேற்றைக் கையாலேயே வாரி அந்த இடத்தை அடைத்தான்.

“என்ன செய்றீங்க? நேரம் போகுது,” என்றார் மேலதிகாரி.

“சேர், தோண்டினா என்ட பிழை இந்த நாற்பத்திரண்டு காலடியோட நிக்காது. தண்ணியோட கீழ இறங்கும். இங்க கிடக்கிறதாவது எங்க கிடக்குது எண்டு எனக்குத் தெரியும்.”

“அப்போ சும்மா விடப் போறீங்களா?”

“முளைக்க விட்டு, முளைக்க முளைக்கப் பிடுங்கப் போறன்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் வாய்க்கால் கரையில் குந்தி, என் சாரத்தில் ஒட்டிய விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “முப்பது வருஷம் வரைக்கும் மண்ணுக்குள்ள உசுரோட கிடக்கும் ஐயா.”

அன்று எனக்கு அறுபது. கணக்குப் படிக்காதவன்தான், ஆனாலும் அந்தக் கணக்கு வந்தது. குளிரில் பல் அடித்துக்கொண்டு நின்றபடியே, “வருவன்,” என்றேன்.

மேலதிகாரி போன பிறகு மிஸ் போத்தலை மூடினார். “நீங்க சொன்னதுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன் ஐயா. அன்னைக்கே நான் கேட்டேன்ல, அப்பவே சொல்லியிருக்கணும்.”

“ஓம், மிஸ்.”

“நானும் அன்னைக்குச் சாக்கைத் தூக்கிப் பாத்திருக்கணும்,” என்றார். அந்த வயதில் அப்படிச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த இரண்டு சதுப்பும் வேறு குழுவுக்குப் போயின. போகத்தான் வேண்டும். அந்தோனி ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. சட்டம் போட்ட கடிதத்தை நானே கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். முள்பாய் போடப் பழக்கிய குழுக்கள் ஒவ்வொன்றிடமும் போய், அதைப் போடாதீர்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். அதுதான் இருந்ததிலேயே கஷ்டம். படம் கீறிய அதே பயிற்சிக்கூடத்திலும் சொன்னேன். ஒருவன் பின்வரிசையில் சிரித்தான். சிரிக்கட்டும். அவன் அதற்குப் பிறகு ஓலைதான் விரிக்கிறான்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தரம் மலைக்குப் போனேன். பலகை இரண்டு போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, இரண்டு விரலால் பிடுங்கி, மூடி போட்ட போத்தலில் சேர்ப்பேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தோனி வருவான். நடுவில் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் சந்திப்போம். முதல் வருடம் ஒரு வாளி நிறைந்தது. போன வருடம் எல்லாம் சேர்த்து உள்ளங்கையில் அடங்கியது. இந்தத் தீவில் நாற்பத்திரண்டு காலடி நிலத்தை என்னைப்போல் அறிந்த இன்னொருவன் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன்.

ஆனால் முழங்கால் இரண்டும் போய்விட்டன. போன தடவை பலகையிலிருந்து எழும்ப முடியாமல் அந்தோனிதான் தூக்கிவிட்டான். அவனுக்கும் மூச்சு வாங்கியது. மிஸ்ஸுக்கு இடமாற்றம். முப்பதில் எட்டு வருடம்தான் ஆகியிருக்கிறது.

அதனால் அடுத்த மாதம் மலைக்குப் போகும் குழுவுக்குச் சொல்கிறேன். பாதை முடியும் இடத்தில் ஒரு கறுப்புப் பாறை இருக்கும். அதில் முதுகைக் கொடுத்து நின்று, நடு மேட்டைப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கும் மேட்டுக்கும் இடையில் எதுவும் நேர்வரிசையில் முளைத்திருந்தால், அது என்னுடையது. பிடுங்குங்கள், தோண்டாதீர்கள். சதுப்பில் நடக்க எவனாவது புதுப் பாதை போட்டிருந்தால் மேலே இருப்பதைத் தூக்கிக் கீழே பாருங்கள். தொழில் ரகசியம் என்று அவன் சொன்னால் இன்னும் நன்றாகத் தூக்கிப் பாருங்கள்.

ஒரு வருடம் நீங்கள் போவீர்கள், ஒன்றுமே முளைத்திருக்காது. அந்த நல்ல செய்தியைச் சொல்ல உடனே எனக்குப் போன் எடுக்காதீர்கள். அடுத்த வருடமும் போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள்.